லெகோ பிளாக்கில் ஒரு தாயக்கட்டம்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பல பெட்டிகளிலிருந்து கலந்துபோன லெகோ பிளாக்குகள் ஒரு வாளி நிறைய வீட்டில் இருக்கின்றன. மே மாதத்தில் ஒரு வாரம் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்கள். ஆறு வயது மகள், பத்து வயது மகன், எழுபது வயது மாமியார், நீங்கள் என நான்கு பேரும் சேர்ந்து ஆடக்கூடிய எளிய பலகை விளையாட்டு ஒன்றை அந்தப் பிளாக்குகளைக் கொண்டே செய்ய முடியுமா, அல்லது அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகையை அமைக்கும் வழியை மட்டும் கேட்டதுபோல் தோன்றினாலும், 'எளிய' என்ற அந்த ஒரு சொல்லில்தான் கேள்வியின் கனம் இருக்கிறது. ஆறு வயதுக்கு எளிதாக இருப்பது பத்து வயதுக்குச் சலித்துவிடும். பத்து வயதுக்கு விறுவிறுப்பாக இருப்பது ஆறு வயதை அழவைக்கும். இந்த இழுபறிக்கு நடுவே உங்கள் மாமியார், பேரப்பிள்ளைகள் கூப்பிட்டார்களே என்பதற்காக வெறுமனே உட்கார்ந்திருப்பவராக ஆகிவிடக் கூடாது. ஆகவே பலகையைப் பற்றிச் சொல்வதோடு, எந்த விளையாட்டை அதில் ஏற்றுவது, அது எவ்வளவு நேரம் ஓடும், யார் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க நேரும் என்பவற்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் 26 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். நிகழ்தகவுப் பாடத்தைச் சோழியையும் தாயக்கட்டையையும் வைத்து நடத்தப்போய் இந்த ஈடுபாடு வந்தது. ஓய்வுக்குப் பின் ஒன்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து விளையாட்டுகளைச் செய்து, ஆடி, திருத்தி வருகிறேன். கீழே வரும் அளவுகளும் கணக்குகளும் உறுதியானவை. நீங்களே அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். எந்த விதி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எது சண்டையில் முடியும் என்று நான் சொல்பவை திண்ணை அனுபவம் மட்டுமே. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆறு வயதுக் குழந்தையோடு எனக்கிருக்கும் பழக்கம் என் பேத்தி ஒருத்தியோடு நின்றுவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சிறியது: வேண்டியதில்லை. லெகோ நிறுவனமே 2009இல் பலகை விளையாட்டுகளுக்கென்று தனி வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியரான ரைனர் க்னீசியா போன்ற தேர்ந்த விளையாட்டு வடிவமைப்பாளர்களும் அதற்குப் பங்களித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வரிசை நின்றுவிட்டது. அதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு முகத்திலும் சிறு டைல்களைக் கழற்றி மாட்டக்கூடிய பகடை. மற்றொன்று, முதலில் கட்டுங்கள், ஆடுங்கள், பிறகு விதியை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள் என்று வீட்டாருக்கே உரிமை கொடுத்த அணுகுமுறை. அந்த உரிமையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிளாக்குகளைப் பொருத்துவதற்கான மெல்லிய அடித்தட்டு, அதாவது 32க்கு 32 குமிழ் உள்ள பேஸ்பிளேட் ஒன்று மட்டும் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே அந்த வாளிக்குள் இருக்கும்.

விளையாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க முயலாமல் தாயத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதன்மையான யோசனை. காரணம் உங்கள் மாமியார். நம் பக்கத்தில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவருக்குத் தாயம் தெரியாமல் இருப்பது அரிது. தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, நான்கு பக்கத்தின் நடுக்கட்டங்களிலும் மையத்திலும் பெருக்கல் குறியிட்டு ஆடியவராகவே இருப்பார். அந்தக் குறியிட்ட கட்டங்களுக்குப் பல ஊர்களில் 'மலை' என்றே பெயர். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. வெளிச்சுற்றில் 16 கட்டம், உட்சுற்றில் 8, மையம் ஒன்று என 25 கட்டம் நடந்து காய் பழமாக வேண்டும். ஒருவரையாவது வெட்டினால்தான் உள்ளே நுழையலாம் என்று சில வீடுகளில் சொல்வார்கள், சில வீடுகளில் அப்படி இல்லை. இந்த வேறுபாடுகளில் எது சரி என்று வழக்காட வேண்டாம். உங்கள் வீட்டுத் தாயம் எதுவென்று மாமியாரிடம் கேளுங்கள். அவர் விதி சொல்பவராக உட்கார்ந்த கணத்திலேயே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். பெரியவர் கற்றுக்கொடுக்க, பிள்ளைகள் கற்றுக்கொள்ள என்று தொடங்கும் விளையாட்டில் யாரும் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பதில்லை.

இனி அளவுகள். லெகோ பிளாக்கின் மேல் துருத்தி நிற்கும் குமிழ்களில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை சரியாக 8 மில்லிமீட்டர். பிளாக்கின் உயரம், குமிழை விட்டுவிட்டால், 9.6 மில்லிமீட்டர்; மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2, அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு பிளாக். குமிழ் இல்லாத வழவழப்பான டைலும் அதே 3.2தான். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. 32 குமிழ் அகலமுள்ள பேஸ்பிளேட்டில் சுற்றிலும் ஒரு குமிழை விளிம்புக்கு விட்டுவிட்டால் உள்ளே 30 மிஞ்சும். முப்பது என்பது பலகை விளையாட்டுக்கென்றே அமைந்த எண். ஐந்துக்கு ஐந்து தாயக்கட்டத்துக்குக் கட்டம் ஒன்றுக்கு 6 குமிழ். பத்துக்குப் பத்து பரமபதத்துக்கு 3 குமிழ். பதினைந்துக்குப் பதினைந்து லூடோவுக்கு 2 குமிழ். மூன்றும் மீதியின்றிப் பொருந்துகின்றன. சதுரங்கத்துக்கு மட்டும் விளிம்பை விட முடியாது. எட்டுக் கட்டமும் நான்கு குமிழாக முழு 32ஐயும் எடுத்துக்கொள்ளும். இதைப் பேஸ்பிளேட்டில் விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடிக்கும்படி உங்கள் மகனிடம் விடுங்கள். பத்து வயதுக்கு வகுத்தல் வாய்ப்பாட்டின் பயன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

ஐந்துக்கு ஐந்தையே எடுத்துக்கொள்வோம். ஆனால் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் பாதைக்குப் பதில், இந்த விடுமுறைக்கு மட்டும், வளைந்து வளைந்து மேலே ஏறும் பாதையாக அதை மாற்றிப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. உங்கள் பலகையில் கட்டங்கள் இருபத்தைந்து. கீழ்வரிசையின் ஐந்து கட்டங்கள் ஊரிலிருந்து அடிவாரம் வரையிலான சமவெளி. அதற்கு மேலுள்ள நான்கு வரிசைகளின் இருபது கட்டங்களும் வளைவுக்கு ஒன்று. முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று மாறி மாறிச் செல்ல, ஐந்தாவது வரிசை மேல் வலது மூலையில் முடியும். அங்கே விளிம்பில் நீல நிறப் பிளாக்குகளை வைத்தால் அது ஏரி. 25ஆவது கட்டத்தைத் தாண்டிய காய் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பழம். காரில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் நிற்கும் எண் பலகையைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள் அல்லவா; அந்த எண்ணிக்கை பலகையிலும் தொடர்வதால், ஆறு வயதுக் குழந்தைக்கு 'இன்னும் எத்தனை பாக்கி' என்பது தானாகவே விளங்கும்.

வரிசைக்கும் வரிசைக்கும் இடையே சுவர் வேண்டும். இல்லாவிட்டால் காய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் தினமும் வழக்கு வரும். ஒவ்வொரு சுவரும் நான்கு கட்டத்துக்கு நீண்டு, திரும்பும் முனையிலுள்ள ஐந்தாவது கட்டத்தை மட்டும் திறந்து விட வேண்டும். நான்கு சுவர், சுவருக்கு நான்கு கட்டம், ஆக மொத்தம் பதினாறு துண்டு. ஒரு துண்டுக்கு 2க்கு 6 பிளாக் ஒன்று, அல்லது 2க்கு 4உம் 2க்கு 2உம் சேர்ந்து ஒரு ஜோடி. இரண்டு வரிசைகளின் எல்லையில் ஆளுக்கு ஒரு குமிழாகப் பங்கிட்டு அமர்த்துங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வேறு வேறு நிறத்தில் இருந்தால் கட்டத்தின் எல்லையும் தானே தெரிந்துவிடும், தனியாகக் கோடு தேவையில்லை. மலை என்றால் உயரமாக இருக்க வேண்டாமா என்று உங்கள் மகன் நிச்சயம் கேட்பான். ஒவ்வொரு வரிசையையும் ஒரு பிளாக் உயரம் கூட்டிக்கொண்டே போனால், அடுக்கு ஒன்றுக்கு 180 குமிழ் வீதம், மேல் நான்கு வரிசைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என மொத்தம் பத்து அடுக்கு ஆகும். அதற்கு மட்டும் 2க்கு 4 பிளாக் 225 வேண்டும். அவ்வளவு இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். பலகை கனத்து, தூக்கும்போது பேஸ்பிளேட் வளைந்து, நடுவில் பிரிந்துவிடும். ஏரிக்குப் பின்னால் விளிம்பில் இரண்டு மூன்று அடுக்கில் ஒரு மலைமுகடு கட்ட அவனை விட்டுவிடுங்கள். அவன் ஆசையும் தீரும், பலகையும் நிற்கும்.

காய்களைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நானும் முதல் ஆண்டில் யோசிக்கவில்லை. குமிழில் அழுத்திப் பொருத்திய காயை ஒவ்வொரு முறையும் பிடுங்கி மாற்றுவது, விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பெரிய தொல்லை. எங்கள் திண்ணைக்கு வந்த ஒரு பாட்டி நான்கைந்து முறை நகர்த்திவிட்டுப் பேரனிடம் 'நீயே வை' என்று கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். விளையாட்டு பிடிக்கவில்லையோ என்று நாங்கள் நினைத்தோம், விரல்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் டைல்களைப் பதித்து, காயை அதன் மேல் சும்மா நிறுத்தும்படி செய்யுங்கள். டைல் போதாவிட்டால், ஒரே ஒரு குமிழ் மட்டும் நடுவில் உள்ள 1க்கு 2 பிளேட்டைத் தேடி எடுங்கள். ஒற்றைக் குமிழில் பொருந்திய காய் விழவும் விழாது, எடுப்பதும் எளிது. காயை 2க்கு 2 பிளாக் இரண்டை அடுக்கிச் செய்தால் பிடிக்க வாகாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாலை வெளிச்சத்தில் வயதான கண்களுக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரியலாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். ஒருவருக்கு உருண்டைக் காய், ஒருவருக்குச் சதுரம், ஒருவருக்கு உச்சியில் பூ, ஒருவருக்குத் தொப்பி என்று உருவத்தாலும் வேறுபடுத்துங்கள். பூ வைத்த காய் உங்கள் மகளுக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்தது தாயக்கட்டை. பிளாக்குகளாலேயே கனசதுரப் பகடை கட்ட முடியும். ஆறு குமிழ் அகலமும் ஐந்து பிளாக் உயரமும் இரண்டுமே 48 மில்லிமீட்டர் என்பதால் அளவு இசையும். ஆனால் அவ்வளவு பெரிய பகடையை இரண்டு முறை வீசினால் மூன்றாவது முறை தரையில் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். நம்முடைய நீளத் தாயக்கட்டைதான் பிளாக்குக்கு ஏற்றது. இரண்டு குமிழ் அகலம் 16 மில்லிமீட்டர். ஒரு பிளாக், அதன் மேல் ஒரு பிளேட், அதன் மேல் டைல் என்று அடுக்கினால் 9.6, 3.2, 3.2 சேர்ந்து உயரமும் அதே 16. எட்டுக் குமிழ் நீளத்துக்குச் செய்தால் 64 மில்லிமீட்டர் நீளமுள்ள சதுரக் கட்டை ஒன்று கையில் இருக்கும். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுக் கண்ட அன்று, லெகோ பிறந்த டென்மார்க்கில் யாரோ நம் தாயத்தை மனத்தில் வைத்து அளவெடுத்தார்களோ என்று தோன்றும் அளவுக்கு மகிழ்ந்தேன். நான்கு நீள முகங்களில் ஒன்றை வெறுமையாக விட்டு மற்றவற்றில் நகப்பூச்சால் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி வையுங்கள். இப்படி இரண்டு கட்டை. வீசாமல் உருட்ட வேண்டும், அதுவும் விரித்த துண்டின் மேல், அப்போது பிரியாது.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சதுர வெட்டுமுகம் என்பது உறுதி. சமவாய்ப்பு என்பது உறுதியல்ல. ஏனென்றால் பிளாக்கின் அடிப்பக்கம் உட்குழிவானது, மேற்பக்கம் நிறைவானது. கனமான பக்கம் கீழே படிய முனையும், குழிவான பக்கம் சற்று அதிகமாக மேலே வரலாம். அடியில் மெல்லிய அட்டையை ஒட்டினால் உருள்வது சீராகும், ஆனால் எடை வேறுபாடு முழுவதும் போகாது. அதனால் குழிவான முகத்துக்கும் அதற்கு எதிர்முகத்துக்கும் ஒன்றையும் இரண்டையும் கொடுங்கள். வெறுமையையும் மூன்றையும் பக்கவாட்டு முகங்களில் வையுங்கள். பிழை இருந்தாலும் அது பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலேயே அடங்கிவிடும், பன்னிரண்டு அடிக்கடி விழுந்து ஆட்டத்தைக் கெடுக்காது. சோதிக்க விரும்பினால் ஒரு கட்டையை 80 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகமும் 20 முறை வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு; 12க்கும் 28க்கும் இடையில் எது வந்தாலும் அதைத் தற்செயல் என்றே கொள்ளலாம். சிறு சாய்வு 80 உருட்டலில் வெளிப்படாது, பெரிய சாய்வு வெளிப்பட்டுவிடும். மாமியாரிடம் பழைய பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணீரென்ற ஓசையைப் பிளாஸ்டிக்கால் தர முடியாது. மலைக்குப் போன இடத்தில் கட்டை காணாமல் போனால் காபிக்கொட்டை நான்கு போதும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை என்பதால் சோழியைப் போல் குலுக்கிப் போட்டு, தட்டைப் பக்கம் மேலே தெரிபவற்றை எண்ணலாம். நான்கும் கவிழ்ந்தால் எட்டு. அதில் இரு பக்கமும் சமமாக விழும் என்று எண்ணிவிடாதீர்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே கொட்டை என்பதால் அநியாயம் இல்லை.

இப்போது கணக்கு. இரண்டு கட்டையில் 16 சேர்க்கைகள் உண்டு. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி. இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற வழக்கத்தை அப்படியே வைத்தால், ஒரு வீச்சில் இறங்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு வீச்சுக்குப் பிறகும் தாயம் விழாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். நான்கு பேர் ஆடும்போது, எட்டெட்டு வீச்சு முடிந்த பின்னும் யாராவது ஒருவர் வெளியே காத்திருக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு. ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற வழக்கத்தைச் சேர்த்தால் ஒரு முறைக்கான வாய்ப்பு ஆறில் ஒன்றாக உயரும், அவ்வளவுதான். அந்த ஒருவர் உங்கள் மகளாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்காலத்தில் மதியம் முழுவதும் ஆடியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு ஒரு சுவை. அரைமணி நேர ஆட்டத்தில் அது வெறும் தண்டனை. ஆகவே தாயத்துக்கோ ஐந்துக்கோ இறங்கலாம் என்றும், மூன்று முறை தவறியவர் நான்காவது முறை எதுவும் விழாமலே ஒரு காயை இறக்கலாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். முதல் ஆட்டத்தை அவர் விதிப்படியே ஆடிப் பாருங்கள்; பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விட்டுக்கொடுப்பார்.

ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் கணிக்க முடியும். ஒரு வீச்சின் சராசரி 3.75 கட்டம். 25 கட்டம் கடக்க ஏழெட்டு வீச்சு. ஆளுக்கு இரண்டு காய் என்றால் பதினைந்து, நான்கு பேருக்கு அறுபது வீச்சு. வீச்சுக்கு இருபது வினாடி வைத்தாலும் இருபது நிமிடம். பேச்சும் சிரிப்பும் சேர்ந்து அரைமணி. பழைய முறைப்படி ஆளுக்கு நான்கு காய் வைத்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அது பிள்ளைகள் தூங்கிய பிறகு உங்களுக்கும் மாமியாருக்குமான ஆட்டம். இரண்டு காய்க்கு மேல் வேண்டாம், ஒரு காயும் வேண்டாம். ஒரே காய் என்றால் எதை நகர்த்துவது என்ற தேர்வே இல்லாமல் போய், பத்து வயதுப் பையன் கட்டை சொன்னதைச் செய்பவனாகிவிடுவான்.

இவ்வளவும் சாக்பீஸ் கட்டத்திலேயே செய்யக்கூடியவைதானே, பிளாக் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. என் ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே கருத்து அதற்கான விடையில்தான் இருக்கிறது. வரைந்த பலகை ஆட்டத்தின் நடுவே மாறாது. பிளாக்கால் கட்டிய பலகையை ஆடுபவர்களே ஆடிக்கொண்டிருக்கும்போது மாற்றலாம். அதைப் பயன்படுத்தாவிட்டால் பிளாக் வெறும் அலங்காரம். எனவே ஆளுக்கு இரண்டு பழுப்பு நிறப் பிளாக் கொடுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிவதுண்டு அல்லவா, அந்த மண்சரிவு இது. தன் முறையில் மொத்தமாக இரண்டு விழுந்தவர், காயை நகர்த்துவதற்குப் பதிலாகத் தம்மிடமுள்ள சரிவு ஒன்றைக் காலியான எந்த வளைவிலும் வைக்கலாம். சமவெளியில் வைக்கக் கூடாது. ஏற்கெனவே சரிவு உள்ள கட்டத்துக்கு அடுத்த கட்டத்திலும் கூடாது. அந்தக் கட்டத்துக்கு வந்து சேரும் காய், கையில் எத்தனை எண்ணிக்கை மிச்சம் இருந்தாலும், அங்கேயே நின்றுவிட வேண்டும். நின்றவர் அந்தப் பிளாக்கை எடுத்துத் தம் கையில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு விழும்போது அதை வேறு இடத்தில் வைப்பார்.

இந்த விதி ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்க வேண்டும், அப்போதுதான் நீங்கள் மாற்றும்போது கெடாமல் மாற்றலாம். இரண்டு விழும் வாய்ப்பு பதினாறில் மூன்று. பதினைந்து வீச்சில் ஏறக்குறைய மூன்று முறை வரும், ஆளுக்கு இரண்டு பிளாக் என்பது அதற்கு அளவானது. சிறிய எண் விழுந்தால் முகம் சுருங்குவது பிள்ளைகளின் இயல்பு. அந்தச் சிறிய எண்ணுக்கே ஒரு அதிகாரம் கிடைத்துவிடுவதால் இரண்டுக்காக ஏங்கத் தொடங்குவார்கள். சரிவில் சிக்கியவருக்கும் இழப்பு மட்டுமே மிஞ்சுவதில்லை, ஒரு பிளாக் கைக்கு வருகிறது. முன்னே ஓடுபவரே முதலில் சரிவில் மாட்டுவார், அவர் வழியைத் துப்புரவாக்கியபின் பின்னால் வருபவர் தடையின்றி ஏறுவார். ஆகவே பின்தங்கியவர் தானாகவே சற்று நெருங்குகிறார். உங்கள் மகனுக்கு இங்கே யோசிக்க நிறைய இருக்கிறது: எங்கே வைத்தால் தங்கை தப்பி அம்மா மாட்டுவார் என்று அவன் எண்ணத் தொடங்கினால், மகளுக்கோ பிளாக்கைக் கையில் எடுத்து வைப்பதே விளையாட்டாக இருக்கும். ஒரே விதி இரண்டு வயதுக்கும் இரண்டு வேறு இன்பமாக அமைவதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

வெட்டுவதைப் பற்றி எனக்கே ஒரு முடிவான கருத்து கிடையாது. வெட்டு இல்லாத தாயத்தைத் தாயம் என்று சொல்ல மனம் வரவில்லை; ஆனால் பதினெட்டாவது வளைவிலிருந்த காயை எடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பினால் ஆறு வயதுக் குழந்தை பலகையைவிட்டு எழுந்துபோவதை என் பேத்தியிடம் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. நாங்கள் இப்போது ஆடும் முறையில், வெட்டுப்பட்ட காய் தான் நிற்கும் வரிசையின் முதல் கட்டத்துக்குத்தான் இறங்கும், அதாவது அதிகம் போனால் நான்கு கட்டம். ஐந்து, பத்து, பதினைந்தாவது வளைவுகளைப் பழைய வழக்கப்படி 'மலை' ஆக்கிப் பெருக்கல் குறிபோல் நான்கு பிளேட் பதித்துவிடுங்கள். அங்கே யாரையும் வெட்ட முடியாது, இரண்டு மூன்று காய்கள் சேர்ந்து நிற்கலாம், அதற்கு இடமும் இருக்கிறது. வெட்டியவருக்கு மறுபடி ஒரு வீச்சு என்ற வழக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். வெட்டுப்பட்ட துயரத்தின் மேல் வெட்டியவர் இன்னொரு முறை உருட்டுவதைப் பார்க்கச் சொல்வது குழந்தையிடம் அதிகமாக எதிர்பார்ப்பது. வயது கூடியபின் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை அதை உடனே கண்டுபிடித்துவிடும், ஆறு வயதும் விரைவில் கண்டுபிடிக்கும். மகள் சமவெளியின் கடைசிக் கட்டமான அடிவாரத்திலிருந்தே தொடங்கட்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, அதன்பின் முழு மனத்தோடு ஆடுங்கள். ஐந்து கட்டம் முன்னதாகத் தொடங்குவது ஏறத்தாழ ஒரு வீச்சுக்குச் சற்று மேலான சலுகை. அதற்கு மேல் வேண்டாம். தொடர்ந்து இரண்டு ஆட்டம் அவளே வென்றால் சலுகையை ஒரு கட்டம் குறையுங்கள். விதியை மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது மூன்று ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கும் வேலையை மகனுக்குக் கொடுங்கள்.

வாளியில் பல நிறுவனங்களின் பிளாக்குகள் கலந்திருந்தால் கவலை வேண்டாம். பழைய காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதே அளவில் பலர் செய்கிறார்கள். பெரும்பாலும் பொருந்தும், இறுக்கம் மட்டும் மாறுபடும். தளர்வானவற்றைச் சுவருக்குப் பயன்படுத்தாமல் சரிவுப் பிளாக்காக வையுங்கள், எடுத்து வைக்க எளிது. குழந்தைகளுக்கான பெரிய டூப்ளோ பிளாக் எல்லாப் பக்கத்திலும் இருமடங்கு அளவுள்ளது. அதையும் சிறியவற்றோடு பொருத்தலாம், ஏரிக்குப் பின்னாலுள்ள மலைக்கு அது நல்ல அடித்தளம். உறவினர் வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், ஆடி முடித்ததும் டைல்களையும் சிறு துண்டுகளையும் எண்ணி எடுத்து வையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும் அளவு அது.

எடுத்துச் செல்வதற்கு ஒரு குறிப்பு. பேஸ்பிளேட் மெல்லியது, அதன் அடிப்பக்கத்தில் எதுவும் பொருந்தாது, வளைத்தால் மேலே உள்ளவை விடுபடும். சமையலறையில் பழைய பலகையோ தட்டையான பெரிய டப்பாவின் மூடியோ இருந்தால் அதன் மேல் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். சுவர்களை வீட்டிலேயே அமைத்துவிட்டு, ஏரியையும் மலைமுகட்டையும் காய்களையும் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய் அங்கே கட்டுவது நல்லது. போகும் வழியில் காரிலேயே ஆடலாம் என்று பிள்ளைகள் கேட்டால் இடங்கொடுக்காதீர்கள். குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டே அந்த வளைவுகளைக் கடந்தால் ஐந்தாவது வளைவிலேயே வண்டியை நிறுத்த நேரும். வெளியே பார்த்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வரட்டும். போய்ச் சேர்ந்த மாலை, மாமியார் கையில் கட்டையைக் கொடுத்து முதல் உருட்டலை அவரிடம் விடுங்கள்.